பிணை நிற்பவர்கள்: சபையின் ஆண்கள் ஐக்கியம் குறித்துக் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு சிந்தனை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



‘திருச்சபையில் ஆண்கள் ஐக்கியத்தின் பயன்’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நம்முடைய சபைகள் பலவற்றில் ஆண்கள் ஐக்கியம் என்றதும் மனதில் வருவது ஆண்டுக்கொரு ஆண்கள் ஞாயிறு. அன்று ஆராதனையை ஆண்களே நடத்துவார்கள், காணிக்கைத் தட்டை ஆண்களே ஏந்துவார்கள், சிறப்புச் செய்தியாளர் ஒருவர் வெளியூரிலிருந்து வருவார், மதியம் சாப்பாடு. மற்ற மாதங்களில் ஒரு கூட்டம். ஒரு கீர்த்தனை, ஜெபம், வேதபாடம், செயலாளர் அறிக்கை, சந்தா, தேநீர். பத்துப் பேர் வந்தால் செயலாளர் மகிழ்ந்துபோவார். மற்ற ஆண்கள் ஆராதனை முடிந்த கையோடு வளாகத்தில் வண்டிகள் நிற்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இதற்கு ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆண் இன்னோர் ஆணுக்குப் பிணை நிற்கப் பழகும் இடம் ஆண்கள் ஐக்கியம். அதன் மதிப்பு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. பாட்டும் செய்தியும் விருந்தும் அந்தப் பழக்கத்துக்கு உதவினால் நல்லவை. உதவாவிட்டால் அவற்றை வேறு எந்த மன்றத்திலும் பெற்றுக்கொள்ளலாம். பிணை என்ற பேச்சைக் காஞ்சிபுரத்தில் எடுப்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அதை இரண்டாவது பகுதியில் சொல்கிறேன்.

1. ஆண்கள் கூடிப் பழகிய ஊர்

இந்த ஊரில் ஆண்கள் கூடுவதற்கு இடப் பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. சின்ன காஞ்சியில் வரதர் வீதியில் எழுந்தருளும்போது முன்னால் பிரபந்த கோஷ்டியும் பின்னால் வேத பாராயண கோஷ்டியும் செல்கின்றன. தலைமுறை தலைமுறையாகத் தோளோடு தோள் நின்று ஒரே குரலில் ஓதிப் பழகிய ஆண்கள் அவர்கள். பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில், உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு ஒரு குழித்தறியில் இருவர் வேண்டும். ஒருவர் கை நின்றால் மற்றவர் வேலையும் நின்றுவிடும். 1909இல் அண்ணா பிறந்த ஊர் இது. நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கும் படிப்பகங்கள் அவருடைய இயக்கத்தால் தமிழ்நாட்டின் தெருக்கள்தோறும் எழுந்தன.

இவற்றையெல்லாம் மதிப்போடுதான் குறிப்பிடுகிறேன். வழிபாட்டிலும் தொழிலிலும் அரசியலிலும் ஆண்கள் சேர்ந்து நின்றதால் இந்த ஊர் இந்த ஊராக இருக்கிறது. ஆனால் இந்த இடங்களுக்கெல்லாம் ஓர் ஆண் தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொண்டு போகிறான். ஓதத் தெரிந்தவன் ஓதுகிறான், நெய்யத் தெரிந்தவன் நெய்கிறான், பேசத் தெரிந்தவன் பேசுகிறான். தவணை மூன்று மாதம் நின்றுபோயிருக்கிறது, மகன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, இரவில் தூக்கம் வருவதில்லை, பாட்டிலை எடுக்காமல் வீடு திரும்ப முடியவில்லை என்பவற்றை அங்கே எடுத்து வைக்க முடியாது. வைத்தால் அன்றைய காரியம் கெடும்.

அவற்றை எடுத்து வைப்பதற்கென்றே ஓர் இடம் சபைக்குள் இருக்கிறது. காஞ்சிபுரத்துச் சபை அதற்குப் புதிதல்ல. 1837இல் சென்னைக்கு வந்து, பின்னாளில் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியைத் தொடங்கிய ஜான் ஆண்டர்சனின் பணி, இரண்டே ஆண்டுகளில் இங்கே எட்டியது. அவர் பெயரிலேயே இன்றும் பள்ளி நடக்கிறது. வளைவுகளும் தூண்களுமாக ஸ்காட்லாந்து பாணியில் செங்கல்லால் எழுந்த கிறிஸ்து ஆலயம் 1921இல் கட்டப்பட்டது. 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபை வழியாகவும், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை வழியாகவும் வந்தவர்கள் நாம். ஐக்கியம் என்பதைச் சபையின் அடிப்படையாகவே ஏற்றுக்கொண்டவர்கள்.

2. ஜாமீன் போடுவதற்கு ஆள் வேண்டும்

இப்போது பிணைக்கு வருகிறேன். இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவு செய்யப்பட்டது காஞ்சிபுரத்தில். பம்பாயும் கல்கத்தாவும் அப்போது பெரிய வணிக நகரங்கள். இருந்தும் அந்தப் பெருமை கோயிலும் தறியும் நிறைந்த நம் ஊருக்கு வந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. நெசவாளிக்குப் பட்டும் ஜரிகையும் முன்னாலே வேண்டும், கூலி பின்னாலேதான் வரும். இடைப்பட்ட நாட்களுக்கு முன்பணம் வாங்கி, அந்த முன்பணத்தாலேயே கட்டுண்டுபோன குடும்பங்கள் எத்தனையோ. அடகு வைக்க நகை இல்லாதவனுக்குக் கடன் கிடைக்க ஒரே வழி, அவனை அறிந்த இன்னொருவன் அவனுக்காகக் கையெழுத்திடுவது.

இந்த ஏற்பாட்டின் வேரைத் தேடிப் போனால் ஒரு சபை மனிதரிடம் போய்ச் சேர்வோம். சென்னை மாகாண அரசு ஐரோப்பியக் கடன் சங்கங்களைப் பற்றி ஆராயும் பொறுப்பை பிரடெரிக் நிக்கல்சனிடம் ஒப்படைத்தது. அவர் 1895லும் 1897லும் இரண்டு தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கை திரும்பத் திரும்ப ஒருவரைச் சுட்டுகிறது. ஜெர்மனியின் சிற்றூர்களில் மேயராக இருந்த ராய்ஃபைசன் என்ற ஆழ்ந்த பக்தியுள்ள புராட்டஸ்டன்டு கிறிஸ்தவர் அவர். 1846–47 பஞ்சத்தில் அவர் முதலில் வசதியுள்ளவர்களிடம் நிதி திரட்டி ஏழைகளுக்கு உதவினார். சில ஆண்டுகளில் அந்த உதவி சோர்ந்துபோவதைக் கண்டார். கொடுப்பவர் கொடுப்பவராகவும் வாங்குபவர் வாங்குபவராகவும் இருக்கும்வரை அது நிலைக்காது என்று அவருக்குப் புரிந்தது. 1864இல் ஏற்பாட்டை மாற்றினார். கடன் தேவைப்படுபவர்களே உறுப்பினர்கள். ஒருவர் வாங்கிய கடனுக்கு அனைவரும் பொறுப்பு. இந்த வரம்பில்லாப் பொறுப்பு நம் 1904ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிராமச் சங்கங்களுக்குக் கட்டாயமாகவும் நகரச் சங்கங்களுக்கு விருப்பமாகவும் வைக்கப்பட்டது.

இதில் பணத்தைக் காட்டிலும் என்னைக் கவர்வது, அந்த ஏற்பாடு மனிதர்களிடம் கேட்கும் அறிமுகம். பக்கத்து வீட்டுக்காரருக்காக நான் கையெழுத்திட வேண்டுமானால் அவர் தறி ஓடுகிறதா, வீட்டில் நோய் உண்டா, சொன்ன சொல்லில் நிற்பவரா, குடிப்பவரா என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கும் என்னைப் பற்றி அவ்வளவு தெரிந்திருக்க வேண்டும். கடன் தீர்ந்தாலும் அந்த அறிமுகம் தீர்வதில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் கே. டி. பால். சேலத்தில் 1876இல் பிறந்தவர், இளைஞர் கிறிஸ்தவச் சங்கத்தின் தேசியப் பொதுச்செயலாளர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர், 1930இல் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தவர். வேதபாடத்துக்கும் விளையாட்டுக்கும் பேர்பெற்றிருந்த அந்தச் சங்கத்தை அவர் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். கூட்டுறவுக் கடனை அதன் முக்கிய வேலைகளில் ஒன்றாக்கினார். கந்துவட்டியில் சிக்கியிருக்கும் மனிதனிடம் ஜெபத்தை மட்டும் கொண்டுபோவது அவருக்குப் போதவில்லை. நம் ஆண்கள் ஐக்கியங்கள் மறந்துவிட்ட மூதாதையர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் அவரே என்பேன்.

பணத்தில் தொடங்கி மனிதனிடம் வந்து சேர்ந்த இன்னொரு ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். 1742 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லியின் மக்கள் தங்கள் கட்டடக் கடனை அடைக்க வழி தேடினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தரலாம் என்றார் ஒருவர். எல்லோராலும் முடியாதே என்றபோது, பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாரந்தோறும் போய் வாங்குகிறேன், தர முடியாதவர்களுக்கு நானே போடுகிறேன் என்று அவர் சொன்னார். அப்படியே பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்தார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்கள் எங்கே சண்டை, எங்கே குடி, எங்கே நோய் என்று பார்த்துவிட்டு வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். தான் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று அவர் உணர்ந்தார். மெதடிஸ்டு இயக்கத்துக்கே முதுகெலும்பான வகுப்புக் கூட்டம் இப்படிப் பிறந்தது.

ஆகவே சந்தா நோட்டைச் சிறிதாக எண்ணாதீர்கள். பொருளாளர் அதை எடுத்துக்கொண்டு உறுப்பினர் வீட்டு வாசலுக்குப் போகிறவரை அது உயிருள்ள நோட்டு. இன்று பல இடங்களில் சந்தா கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது, வசதிதான். ஆனால் வாசலில் நிற்கும் பொருளாளருக்குத் தெரியவரும் எதுவும் கைப்பேசியில் பணம் வந்த செய்தியில் இருக்காது. சந்தா எப்படி வேண்டுமானாலும் வரட்டும், வாசலுக்குப் போவதை நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேதம் அறிந்தவர்கள் உடனே ஒரு தடை எழுப்புவார்கள், எழுப்பவும் வேண்டும். நீதிமொழிகள் நூல் பிணைப்படுவதை ஒருமுறை அல்ல, பலமுறை எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை நான் அப்படியே ஏற்கிறேன். ஆளை அறியாமல் கையெழுத்திட்டு வீட்டை இழந்தவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். ஆனால் அதே வேதத்தில், தம்பி பென்யமீனுக்காகத் தகப்பன் முன் யூதா பிணை நிற்கிறான். ஒநேசிமு பட்ட கடனைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளும்படி பவுல் பிலேமோனுக்கு எழுதுகிறார். எபிரெயர் நிருபம் இயேசுவையே பிணையாளி என்கிறது. அறியாதவனுக்குப் பிணை நிற்காதே என்றே நீதிமொழிகளின் புத்தியை நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் முதலில் ஒருவரை ஒருவர் அறிய வேண்டும். அதற்கு மாதம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவது அதிகமா?

3. கேட்கப்படாத மனிதர்கள்

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டவர்கள் 1,70,924 பேர். அவர்களில் ஆண்கள் 1,22,724. பத்தில் ஏழு பேருக்கும் மேல். தமிழ்நாட்டின் எண்ணிக்கை மட்டும் 19,834. மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். காரணங்களின் பட்டியலில் முதலில் நிற்பது குடும்பப் பிரச்சினை, அடுத்து நோய். இவை இரண்டும் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியக்கூடியவை. தெரிந்தும் கேட்கவில்லை, அல்லது கேட்டும் பதில் வரவில்லை.

ஆண் ஏன் பதில் சொல்வதில்லை என்பதற்கு நம் வீடுகளிலேயே விடை இருக்கிறது. சிறுவன் விழுந்து அழுதால் ஆம்பளைப் பிள்ளை அழலாமா என்கிறோம். வேலை போன செய்தியை வீட்டில் சொல்லாமல் காலையில் வழக்கம்போலச் சாப்பாட்டுப் பை எடுத்துக்கொண்டு கிளம்பும் தகப்பன்மார் உண்டு. மனைவியிடம் சொன்னால் அவள் பயந்துவிடுவாள், அண்ணனிடம் சொன்னால் கேவலம், அலுவலகத்தில் சொன்னால் பதவி உயர்வு போய்விடும். யாரிடம்தான் சொல்வது? நம் மாநிலத்தில் மாலையில் கதவு திறந்து வைத்து, எதையும் கேட்காமல் உட்கார வைக்கும் இடம் மதுக்கூடம்தான். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்த ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் குடிக்கிறார். சபை இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆயர்மனைக் கதவை இரவில் தட்டும் சகோதரிகளுக்கு அது தெரியும்.

நம் சபை எந்த மரபிலிருந்து வந்ததோ அந்த ஸ்காட்லாந்து மரபில் இதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. சபையை வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு மூப்பர் பொறுப்பில் விடுவார்கள். திருவிருந்துக்கு முன் அவர் தன் வட்டாரத்து வீடுகளுக்குப் போய், விசாரித்து, சிறிய உலோக வில்லை ஒன்றைக் கொடுப்பார். அதைக் காட்டித்தான் திருவிருந்துப் பந்தியில் அமர முடியும். கண்டிப்பு மிகுந்த காலம் அது; அந்தக் கண்டிப்பு திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விசாரிக்கப்படாமல் ஒருவரும் பந்திக்கு வருவதில்லை என்ற நிலை ஒன்று இருந்தது. அதை மட்டும் உங்கள் நினைவில் வைக்கிறேன்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் குடியிலிருந்து மீள முயன்ற இருவர் சந்தித்துத் தொடங்கிய அநாமதேயக் குடிநோயாளிகள் குழு, கிறிஸ்தவர்களின் ஒரு சிறு ஐக்கியக் குழுவிலிருந்து கிளைத்தது. இன்றும் பல இடங்களில் அந்தக் குழு கூடுவது ஆலய வளாகத்து அறைகளில்தான். அதன் முறை எளியது. முன்பு குடித்தவர் இன்று குடிப்பவரோடு உட்கார்ந்து தன் கதையைச் சொல்கிறார். புதிதாக வந்தவருக்கு ஒருவர் துணை நிற்கிறார், நள்ளிரவிலும் அழைக்கலாம். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, குடி ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்பதைத் தமிழ்நாட்டுக்குக் கற்பித்தது. மருத்துவம் செய்ய வேண்டியதை மருத்துவம் செய்யட்டும். சிகிச்சை முடித்து வீடு திரும்பும் சகோதரனுக்குத் தொடக்க மாதங்களில் மாலை கடுமையான நேரம். அந்த நேரத்தில் அவனோடு இருக்க ஆள் தர சபையால் முடியும். ஆண்கள் ஐக்கியத்தின் ஆண்டறிக்கையில் இந்த ஒரு வேலை மட்டும் இருந்தாலும் அது நல்ல ஆண்டு என்பேன்.

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நான்கு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் வழிவிடாததால் கூரையைப் பிரித்து அவனை இறக்கினார்கள். அந்த நால்வரின் பெயரும் எழுதப்படவில்லை, அவர்கள் ஒரு வார்த்தை பேசியதாகவும் இல்லை. இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவனுக்கு அன்று நம்பிக்கை இருந்ததா என்பது நமக்குத் தெரியாது. சுமந்தவர்களுக்கு இருந்தது, அது அவன் கணக்கில் சேர்ந்தது. பிணை என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான காட்சி சுவிசேஷத்தில் இல்லை.

4. பெரியண்ணன், சின்னண்ணன்

சிலர் நேரடியாகக் கேட்கிறார்கள். சபையில் எல்லாப் பதவியும் ஏற்கெனவே ஆண்கள் கையில்தானே இருக்கிறது, அவர்களுக்குத் தனியாக ஒரு சங்கம் எதற்கு? நியாயமான கேள்வி. பதவிக்கு ஆள் திரட்டும் இடமாகவும், சபைத் தேர்தலுக்கு அணி சேர்க்கும் இடமாகவும் ஆண்கள் ஐக்கியம் மாறினால் அதை மூடிவிடுவதே நல்லது. அதிகாரம் இருப்பவர்கள் கூடும் இடத்தில் முதலில் வேண்டியது, அந்த அதிகாரத்துக்குப் பதில் சொல்லும் கடமை.

இந்த மாவட்டத்துக்கு அதில் பழைய பாடம் உண்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள் யார் என்று சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். அவர்களோடு அவர்களின் நெருங்கிய உறவினரும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்தது. நம் சங்கங்களின் ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது எத்தனை பேர் கவனித்துக் கேட்கிறோம்?

அடுத்தது சாதி. பிணை என்றால் யாருக்கு யார் பிணை என்ற கேள்வி உடனே வரும். தன் ஆளுக்கு மட்டும் தான் பிணை என்று நின்றுவிட்டால் சபை என்ற பெயருக்கே பொருளில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கவ்டி போன்ற அருட்பணியாளர்கள் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலமின்மையை அரசின் முன் கொண்டுபோனார்கள். அம்மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார். 1892இல் வந்த அரசாணையால் ஒடுக்கப்பட்டவர்களுக்கென ஒதுக்கிய நிலத்தைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். காஞ்சிபுரம் அன்று அந்த மாவட்டத்துக்குள் இருந்தது. சபையில் இருந்த சிலர், சபைக்கு உள்ளும் வெளியிலும் இருந்த ஒரு பெரும் மக்கள் கூட்டத்துக்காக அரசிடம் போய் நின்றார்கள். இன்று அந்த நிலங்களில் பல கைமாறிப் போயிருக்கின்றன. நம் கிராமச் சபைகளின் ஆண்கள் ஐக்கியம் இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

இதற்குப் பக்கத்தில் இரண்டு மனிதர்களை வைக்கிறேன். ஒருவர் ச. ஏசுதாசன், தமிழ் மருத்துவர். இன்னொருவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர்-பேட்டன், கம்பளி நூல் ஆலை நடத்திய ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர். இங்கே கிறிஸ்து ஆலயம் எழுந்த அதே 1921இல் இவர்கள் இருவரும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஆள்பவர் நாட்டிலிருந்து வந்தவரும் ஆளப்பட்டவரும் ஒரே கூரையின் கீழ், கதர் உடுத்தி, ஒரே பந்தியில் உண்டு, ஏழைகளுக்கு வைத்தியம் செய்தார்கள். 1932இல் சென்னையில் அந்நியத் துணிக் கடை மறியல் நடந்த இடத்தில் பேட்டன் போலீஸ் தடியடிக்கு ஆளானார். ஊர் மக்கள் ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். ஆண்டுகொண்டிருந்த இனத்தவர் தம்பியாக இருக்கச் சம்மதித்தார் என்பதை நம் ஐக்கியத்தில் பதவி நாற்காலி பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது எழுந்து சொல்ல வேண்டும்.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பவுல் கொரிந்துவில் ஆக்கில்லாவோடு தங்கிக் கூடாரம் செய்தார், ஒரே தொழில்காரர்கள் என்பதால். ஆக்கில்லாவின் பெயர் வரும் இடமெல்லாம் பிரிஸ்கில்லாவின் பெயரும் சேர்ந்தே வருகிறது. ஆண்கள் கூடிப் பேசியது நல்லதா இல்லையா என்பதற்கு நம்பகமான சாட்சி, அந்த வாரம் வீட்டில் இருந்த பெண்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர்களை அழைத்து, எங்கள் கூட்டத்தால் உங்கள் வீட்டில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மறுபேச்சுப் பேசாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

5. கூட்டம் எந்தக் கிழமை?

கடைசியாக, நடைமுறைச் சங்கதி ஒன்று. 1844 ஜூன் 6 அன்று லண்டனில் இளைஞர் கிறிஸ்தவச் சங்கத்தைத் தொடங்கிய பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர் துணிக்கடைச் சிப்பந்திகள். முன்னின்ற ஜார்ஜ் வில்லியம்ஸ் கிராமத்திலிருந்து வந்து துணிக்கடையில் வேலை செய்தவர். பன்னிரண்டு, பதினான்கு மணி நேர வேலை, கடைக்கு மேலேயே நெருக்கடியான படுக்கை அறை, நகரத்தில் யாரையும் தெரியாது. அந்த அறையில் ஒருவரோடு ஒருவர் ஜெபிக்கத் தொடங்கியதுதான் 1890இல் சென்னைக்கும் வந்து, அங்கிருந்து பேராயர் வேதநாயகம் அசரியாவையும் கே. டி. பாலையும் நாட்டுக்குத் தந்தது.

அந்தப் படுக்கை அறை இன்று நம் மாவட்டத்தில் இருக்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் வெளிவந்தது. அதன்பின் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. தூத்துக்குடியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கிறார்கள். ஒருவன் ஷிப்ட் முடிந்து வரும்போது இன்னொருவன் அதே பாயிலிருந்து எழுந்து போகிறான். அவர்களில் நம் சபைகளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் கணிசம். ஊரில் வாலிபர் ஐக்கியத்தில் கித்தார் வாசித்தவன், இங்கே வந்தபின் ஆலயப் பக்கமே வந்திருக்க மாட்டான். ஞாயிறு காலை எட்டரை மணிக்கு அவன் இயந்திரத்தின் முன் நிற்கிறான், அல்லது இரவு வேலை முடித்துத் தூங்குகிறான். நம் ஆண்கள் ஐக்கியமோ ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு, ஓய்வுபெற்றவர்களுக்கு வசதியான நேரத்தில் கூடுகிறது.

ஓய்வுபெற்றவர்களைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்களிடம் நேரம் இருக்கிறது, அறிமுகம் இருக்கிறது, வங்கியிலும் மருத்துவமனையிலும் தாலுகா அலுவலகத்திலும் பேசத் தெரிகிறது. அந்த இளைஞனுக்குப் பிணை நிற்கத் தகுந்தவர்கள் அவர்களே. அவன் வாடகை முன்பணத்தைத் திருப்பித் தர மறுக்கும் வீட்டுக்காரரிடம் பேச ஒருவர், காய்ச்சலில் படுத்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கையெழுத்திட ஒருவர், ஒப்பந்த வேலை திடீரென்று நின்றால் ஊருக்குப் போக்குவரத்துச் செலவுக்குக் கொடுத்து அனுப்ப ஒருவர் போதும். இந்தியில்தான் பேச முடியும் என்பவனுக்கு, இரயில்வேயிலோ இராணுவத்திலோ பணியாற்றிய நம் பெரியவர்களில் யாரேனும் பேசிவிடுவார்கள்.

எனவே இங்கிருக்கும் செயலாளர்களிடம் என் வேண்டுகோள் மூன்று. மாதத்தில் ஒரு கூட்டத்தை வளாகத்தை விட்டு வெளியே, ஒரகடம் அல்லது ஸ்ரீபெரும்புதூர் பக்கம், ஷிப்ட் மாறும் நேரத்துக்கு ஏற்றபடி ஒரு வாரநாள் மாலையில் வையுங்கள். இரண்டு கூட்டத்துக்குத் தொடர்ந்து வராத உறுப்பினர் வீட்டுக்கு அந்த வாரத்துக்குள் இருவர் போக வேண்டும் என்று தீர்மானம் எழுதுங்கள். போனவர் பெயர் நோட்டில் இருக்கட்டும், அவர் கேட்டறிந்தது நோட்டில் வேண்டாம். சங்க நிதியில் ஒரு பகுதியைத் தாங்கு நிதியாகப் பிரித்து, இரண்டு உறுப்பினர் பிணையில் மூன்று நாளைக்குள் கைமாற்றாகக் கிடைக்கும்படி செய்யுங்கள். முதலாவது கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று இன்றைய தேநீர் வேளையிலேயே ஆயர் முன்னிலையில் முடிவெடுத்தால், இந்தப் பேச்சுக்கு அழைத்த அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கு நான் செலுத்தும் நன்றியும் அதுவாகவே இருக்கும்.